மூன்று கொட்டேஷனும் ஒரு தலைமையாசிரியையும்

விருத்தாசலத்தில் பீங்கானைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஊறுகாய் ஜாடியானாலும் சரி, மீட்டர் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டையானாலும் சரி, ஒரு ரூபாய்க் காசால் ஒரு தட்டு. டங்கென்று சத்தம் வந்தால் நல்ல சரக்கு. டொக்கென்று வந்தால் உள்ளே கீறல். இது ஊர்வழக்கம். இதையே படிவமாக அச்சடித்து, வரிசை எண் கொடுத்து, மூன்று நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது அரசு நடைமுறை.

தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சுடுமண் மற்றும் பீங்கான் தொழிலாளர் மேம்பாட்டு வாரியம் நடைமுறையில் ஒரு கமா தவறாத அலுவலகம். களிமண் வாங்கும், அச்சு வாங்கும், உடைந்ததற்குக் காரணம் கேட்டு ஓலை அனுப்பும். இதற்கு நடுவில், எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெரியவர் மேடையில் கைதட்டல் வாங்குவதற்காக அறிவித்துவிட்ட பாவத்துக்கு, தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு நடுநிலைப்பள்ளியும் நடத்தி வந்தது. வாரியம் நடத்தி வந்தது என்பது கோப்பில். தரையில் நடத்தி வந்தவர் ஆன் மேரி டீச்சர்.

ஆன் மேரி டீச்சர் பதினொரு வருஷமாகப் பொறுப்புத் தலைமையாசிரியை. பொறுப்பு என்றால் பொறுப்பு முழுவதும் அவருடையது, பதவி அவருடையது இல்லை என்று பொருள். காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது முதல், சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக மறந்த தகப்பனை ஆள் விட்டுத் தேடுவது வரை அவர் வேலை. நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளின் பெயரும் தெரியும், எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் வயிற்றுவலி வரும் என்பதும் தெரியும். கணக்குப் பரீட்சை நாளில்தான் வரும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதற்குள் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தப் ‘பொறுப்பு’ என்ற சொல் உதிர வேண்டும், பள்ளி நன்றாக நடக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மாதா கோயிலில் முழங்காலிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜூலை முதல் தேதிக்குள் ஒவ்வொரு பள்ளியின் தலைவரும் ஏதேனும் ஒரு கல்லூரியின் கல்வி நிர்வாகப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சேராத பள்ளி அருகிலுள்ள பள்ளியுடன் இணைக்கப்படும். படிப்புச் செலவை வாரியம் ஏற்கும். ஆனால், படிப்புகளின் செலவையும் விளைவையும் ‘முறைப்படி ஒப்பிட்டு’ ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். அருகிலுள்ள பள்ளி கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் இருந்தது. சூளையில் வேலை செய்கிற அம்மா, ஆறு வயதுப் பிள்ளையை ரெண்டு பஸ் மாற்றி அங்கே அனுப்ப மாட்டாள். இணைப்பது என்றால் மூடுவது என்று ஆன் மேரி டீச்சருக்குப் புரிந்தது. மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினார்.

வாரியத்தின் தனி அலுவலர் குருமூர்த்தி அப்போதுதான் ஏதோ ஒரு மலை ஓட்டலில் மூன்று நாள் ‘விளைவுசார் நிர்வாக’ முகாம் முடித்து வந்திருந்தார். முகாமில் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை அவர் இன்னும் கழற்றவில்லை. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். அவுட்புட் வேற, அவுட்கம் வேற” என்றார் குருமூர்த்தி.

“ரெண்டுக்கும் என்னா சார் வித்தியாசம்?”

“அதான் சொன்னேனே, வேற வேற.”

பிறகு கொள்முதல் பிரிவுக் கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டார். கொளஞ்சிநாதன் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காதவர். காசு வாங்குகிற ஆளிடம் மாட்டினால் காசு கொடுத்துத் தப்பலாம். இவரிடம் மாட்டினவர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

“முறைப்படி ஒப்பிடணும்னா நம்மகிட்ட இருக்கறது ஒரே படிவந்தான் சார். படிவம் ஏழு. ஃபியூஸ் கட்டை வாங்கறது” என்றார் கொளஞ்சிநாதன்.

“அதுல படிப்புன்னு எழுத எடம் இருக்கா?”

“‘பொருளின் பெயர்’னு ஒரு கட்டம் இருக்குது சார்.”

“அப்ப அதுல எழுதுங்க.”

ஆன் மேரி டீச்சர் வாயைத் திறந்தார். ஆனால் பதினொரு வருஷ அனுபவம், வாயைத் திறந்தால் இன்னொரு படிவம் வரும் என்று சொன்னது. மூடிக்கொண்டார்.

மூன்று கொட்டேஷன் வந்தன. முதலாவது, சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மேலாண்மைக் கல்லூரி: கட்டணம் அறுபத்து நாலாயிரம், கோட்டு இலவசம். இரண்டாவது, மங்கலம்பேட்டையில் வெளிநாட்டு டிக்கெட் போடும் கடையின் மாடியில் இயங்கிய உலகளாவிய தலைமைத்துவ நிறுவனம்: கட்டணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், துபாயில் மூன்று நாள் களப்பயணம் உண்டு. மூன்றாவது கல்லூரிக்குக் கட்டடமே இல்லை. அது செல்போனில் இருந்தது. கட்டணம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. இன்றைக்கே சேர்ந்தால் இன்னும் குறையும். நேற்றும் அப்படித்தான் போட்டிருந்தது.

விளைவு விஷயத்தில் மூவரும் நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு என்று அச்சடித்திருந்தார்கள். கொளஞ்சிநாதன் விசாரித்து எழுதினார். சேத்தியாத்தோப்பில் படித்தவர்கள் அப்பாவின் உரக்கடையை நிர்வாகம் செய்தார்கள். மங்கலம்பேட்டையில் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே மாடியில் அதே படிப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள். செல்போனில் படித்தவர்கள் அந்தச் செல்போன் கல்லூரியின் விளம்பரத்தில் சிரித்தார்கள். மூன்றும் வேலைதான் என்று கொளஞ்சிநாதன் மூன்றுக்கும் ‘சரி’ போட்டார்.

ஆறாவது கட்டத்தில் பேனா நின்றது. ‘மாதிரிப் பொருள் பெறப்பட்டதா?’

“சாம்பிள் இல்லாத கொட்டேஷன் செல்லாதுங்க டீச்சர்” என்றார்.

“படிப்புக்கு எப்படிங்க சார் சாம்பிள் குடுப்பாங்க?”

“அது அவங்க கவலை. நான் எழுதிட்டேன். ஒவ்வொரு காலேஜும் சாம்பிள் ஒண்ணு, முத்திரையிட்டு, உடையாம பேக் பண்ணி அனுப்பணும்னு.”

பள்ளியில் சத்துணவு சமைக்கும் அமிர்தத்திடம் டீச்சர் இதைச் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார். அமிர்தம் அடுப்படியிலேயே ஒரு யோசனை சொன்னாள்.

“மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி கொளஞ்சியப்பர் சாமிக்கு ஒரு பிராது எழுதிக் கட்டிடலாமா டீச்சர்? தூரத்துக்குத் தக்கன காசு கட்டிட்டா தொண்ணூறு நாள்ல தீத்து வச்சிடுவாரு.”

“நான் மாதாவுக்கு ஒம்பது நாள் நவநாள் ஜெபம் புடிச்சிருக்கேன் அமிர்தம்.”

“அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். ரெண்டு பேருமே சாம்பிள் கேக்க மாட்டாங்க.”

கல்லூரிகள் மாதிரிகளை அனுப்பிவைத்தன. ஆர்டர் என்று வந்தால் கல்லூரிகள் எதையும் அனுப்பும். ஜூன் இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, மூன்று பட்டதாரிகள் அலுவலகத்தில் வந்து இறங்கினார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து கோட்டுப் போட்ட கோகுலகிருஷ்ணன். மங்கலம்பேட்டையிலிருந்து பானுமதி, துபாய்ப் பையோடு வந்திருந்தார். செல்போன் கல்லூரியிலிருந்து பிரவீன்குமார். அவர் வந்தாரா, போனில் பேசிக்கொண்டே தவறி உள்ளே நுழைந்துவிட்டாரா என்று கடைசிவரை தெரியவில்லை. கொளஞ்சிநாதன் மூவரையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, கழுத்தில் சா-1, சா-2, சா-3 என்று அட்டை மாட்டி, ஸ்டோர் ரூமில் ஜாடிகளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார். மூவரும் மறுக்கவில்லை. கழுத்தில் அட்டை மாட்டினால் அது கௌரவம் என்று மூன்று படிப்பிலுமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து சோதனைகள். படிவம் ஏழின்படி முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

கொளஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, “தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கோகுலகிருஷ்ணனின் நெற்றியில் தட்டினார். டொக். பானுமதியைத் தட்டினார். டங். பிரவீன்குமாரைத் தட்டியபோது அந்த டங் ஓய வெகுநேரம் ஆனது.

“சார், பீங்கான்ல டங்னா நல்லது. மண்டையில டங்னா எப்படி எடுத்துக்கறது?” என்று குருமூர்த்தியிடம் கேட்டார்.

“படிவத்துல எப்படி இருக்கு?”

“டங்னா நல்லதுன்னு இருக்குது.”

“படிவத்தை மீறி நாம யோசிக்கக் கூடாதுங்க.”

அப்படியே பதிவானது. அடுத்தது நீர் உறிஞ்சும் சோதனை. நல்ல பீங்கான் இருபத்து நாலு மணி நேரம் ஊறினாலும் ஒரு சொட்டு உறிஞ்சாது. மனிதர்களைத் தொட்டியில் போட விதி இடம் கொடுக்காததால், ஆன் மேரி டீச்சரை உட்கார வைத்து, மூவருக்கும் ஒரு நாள் முழுக்கப் பள்ளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். டீச்சர் தொண்டை வறளச் சொன்னார். மறுநாள் காலை கொளஞ்சிநாதன் கேள்வி கேட்டார். ஒரு சொட்டு உறிஞ்சப்பட்டிருக்கவில்லை. மூவருக்கும் ‘மிகச் சிறப்பு’ என்று விழுந்தது.

பிறகு, மூன்றடி உயரத்திலிருந்து கீழே போடும் சோதனை. மேஜை இரண்டரை அடி. மேலே இரண்டு செங்கல் அடுக்கினார்கள். கோகுலகிருஷ்ணன் ஏறி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொப்பென்று குதித்து, உடையாமல் நின்றார். பிரவீன்குமார் தான் குதிப்பது போல ஒரு வீடியோவை அலுவலக வாட்ஸாப்புக்கு அனுப்பினார். முகாமுக்குப் போய் வந்த குருமூர்த்தி அதை ஏற்றுக்கொண்டார். பானுமதி ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை.

“குதிங்கம்மா, நேரமாவுது” என்றார் கொளஞ்சிநாதன்.

“மேல ஏறினவங்க தானா எறங்கக் கூடாதுன்னு மூணாவது செமஸ்டர்ல இருக்குது சார். எறக்கிவிட ஆர்டர் இருந்தா காட்டுங்க.”

குருமூர்த்திக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. இறங்கும் ஆர்டரை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தார்.

எஞ்சியது பயன்பாட்டுச் சோதனை. ஃபியூஸ் கட்டையாக இருந்தால் கரண்டில் மாட்டிப் பார்ப்பார்கள். இங்கே ஆளுக்கு ஒரு நாள் பள்ளியை நடத்த வேண்டும் என்று முடிவானது. பழுது ஏற்பட்டால் சொல்வதற்காக ஆன் மேரி டீச்சர் ஓரமாக நிற்கலாம்.

திங்கட்கிழமை கோகுலகிருஷ்ணன். மணி அடிப்பதற்கு ஒரு குழு, அடித்த மணி கேட்டதா என்று பார்க்க ஒரு துணைக்குழு. மணிக்குழுவில் போதிய உறுப்பினர் வராததால் ஒன்பதரை வரை மணி அடிக்கத் தீர்மானம் நிறைவேறவில்லை. டீச்சர் போய் அடித்தார். துணைக்குழு, மணி கேட்டது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

செவ்வாய்க்கிழமை பானுமதி. அவர் முதலில் பெயர்களை மாற்றினார். பிள்ளைகள் இனிமேல் கற்றல் பங்காளர்கள். கக்கூஸ் இனிமேல் சுகாதார நல மையம். பிறகு, பள்ளிக்கு ஒரு ‘தொலைநோக்கு’ வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடி அதைப் பார்க்கச் சொன்னார். பதினொரு பங்காளர்கள் தூங்கிப்போனார்கள். தூங்காதவர்களில் ஒருவன், ஃபியூஸ் கம்பெனியில் பிசிறு தேய்க்கும் துர்காவின் மகன், குப்பையில் பொறுக்கி வந்த பீங்கான் குழாய்க்குள் விரலை விட்டுவிட்டான். விரல் வீங்கி உள்ளே மாட்டிக்கொண்டது. பையன் அலறினான். துர்கா வேலையை விட்டு ஓடிவந்தாள்.

“இது எந்த வகை ஆபத்து? குறைந்த தாக்கமா, நடுத்தரத் தாக்கமா? அட்டவணையில் போடணும்” என்றார் பானுமதி.

“வெரலும்மா” என்றாள் துர்கா.

டீச்சர் அமிர்தத்திடம் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றி, விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி வீக்கத்தை அடக்கி, குழாயை மெல்லத் திருகி எடுத்தார். “நீங்க இல்லன்னா என் புள்ள வெரலு போயிருக்கும் டீச்சர்” என்று துர்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சருக்கும் கண் கலங்கியது. ஆபத்து அட்டவணையில் ‘தானாகச் சரியானது’ என்று பதிவானது.

புதன்கிழமை பிரவீன்குமார். வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, முகத்தைப் பார்த்து வருகை போடும் செயலியைத் திறந்தார். பள்ளிக்கூடத்துக்குள் சிக்னல் கிடையாது. நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளும் அன்றைக்கு வரவில்லை என்று செயலி சொன்னது. அமிர்தம் கரண்டியோடு வந்து நின்றாள்.

“டீச்சர், வராத புள்ளைங்களுக்கு முட்டை வைக்கலாமா, கூடாதா?”

“வராததுங்க எல்லாம் தட்டோட வரிசையில நிக்குதுங்க பாரு. வையி.”

வியாழக்கிழமை ஒப்பீட்டு அறிக்கை தயாரானது. மூன்று நாளும் மணி அடித்தது, சோறு வெந்தது, எந்தப் பிள்ளையும் உடையவில்லை. ஆகவே மூன்று கல்லூரிகளின் விளைவும் நூற்றுக்கு நூறு. கொளஞ்சிநாதன் பத்தொன்பதாவது கட்டத்துக்கு வந்தார். ‘இதே வகைப் பொருள் ஏற்கெனவே இருப்பில் இருப்பின், அதன் விலை, விளைவு.’ அவர் நேர்மையானவர். மூன்று நாளும் ஓரத்தில் நின்ற பொருளை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பொருளின் பெயர்: ஆன் மேரி. விலை: இல்லை. விளைவு: நூறு.

அறிக்கை சென்னைக்குப் போய், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஜூன் இருபத்தெட்டாம் தேதியே பதில் வந்துவிட்டது. ‘நான்காவது பொருள் விலையில் குறைந்ததாகவும் விளைவில் நிறைந்ததாகவும் இருப்பதால் அதுவே அங்கீகரிக்கப்படுகிறது. அந்தத் தரத்தில் பொருள் ஒன்றைக் கொள்முதல் செய்து பெறவும்.’ ஆன் மேரி டீச்சர் கடிதத்தை மூன்று முறை படித்தார். பொறுப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அமிர்தம் கேசரி கிண்டினாள். பெற்றோர்கள் பாலக்கரையில் பேனர் வைத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட எங்கள் டீச்சருக்கு வாழ்த்து என்று போட்டு, கீழே ஸ்டாம்பு அளவில் தங்கள் முகங்களை நாலு வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள்.

ஜூலை முதல் தேதி டீச்சர் பள்ளிக்கூடக் கேட்டைத் திறக்கும்போது கொளஞ்சிநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் சணல் கயிறும் அரக்கும் இருந்தன.

“கெளம்புங்க டீச்சர், ஸ்டோருக்கு.”

“எதுக்குங்க சார்? பிரேயர் நேரமாச்சு.”

“அங்கீகரிச்ச சாம்பிளை முத்திரை வச்சு ஸ்டோர்ல வைக்கணும். உபயோகிக்கக் கூடாது. விதி பதினாலு. தேய்ஞ்சு போச்சுன்னா வர்ற சரக்க எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?”

“அப்ப ஸ்கூலு?”

“சப்ளை வருதுங்க. மூணு கம்பெனியுமே உங்களுக்குச் சமமா நூறு எடுத்திருக்காங்க. இருக்கறதுல வெலை கம்மி அந்த செல்போன் காலேஜு. பிரவீன்குமாரு நாளைக்கு ஜாயின் பண்றாரு.”

இப்படியாக ஆன் மேரி டீச்சர் ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலியில் வைக்கப்பட்டார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே சணல் கட்டி, நடுவில் அரக்கு முத்திரை வைத்தார்கள். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் வீட்டுக்குப் போகவும் முத்திரையை நீக்குவதற்குத் தனிப் பதிவேடு இருந்தது. முதல் வாரம் டீச்சர் ஆத்திரத்தில் யாரோடும் பேசவில்லை. இரண்டாவது வாரம், மேலே ஒரு பலகை மாட்டினார்கள்: ‘ஆன் மேரி, தலைமையாசிரியை, அங்கீகரிக்கப்பட்ட தரம், எண்ணிக்கை 1.’ பதினொரு வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. சம்பளமும் ஒன்றாம் தேதியே வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவருக்கு. சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு ஊர் ஊராக அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். நாற்காலியைச் சுற்றி வந்து, உயரம் குறித்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லூரிகள் சும்மா இருக்குமா? சேத்தியாத்தோப்பு முழுக்க விளம்பரம்: ‘எங்கள் பட்டதாரிகள் ஆன் மேரி தரம்.’ கட்டணம் இரண்டு மடங்கு. மங்கலம்பேட்டையில், ‘ஆன் மேரி தரம், துபாய் அனுபவத்துடன்.’ அது மூன்று மடங்கு. தனியார் பள்ளிகள் அந்தப் பட்டதாரிகளைக் கொத்திக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் ஆக்கின. பானுமதி கடலூர் ரோட்டில் ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்துவிட்டார்.

வாரியப் பள்ளியை பிரவீன்குமார் நடத்தினார். அவர் கேட்டைத் தாண்டிச் சிக்னல் கிடைத்ததும், செயலி தினமும் வருகை பூஜ்யம் என்று சென்னைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அக்டோபரில் நோட்டீஸ் வந்தது: ஒரு பிள்ளைகூட வராத பள்ளியை ஏன் மூடக்கூடாது?

டீச்சர் உடனே அமிர்தத்தைக் கூப்பிட்டனுப்பினார். “பெத்தவங்க எல்லாரும் வந்து, எங்க புள்ளைங்க தெனம் வருது, எங்க எச்செம்மைத் திருப்பிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அமிர்தம். இந்தக் கயித்த நானே அறுத்துக்கிட்டு வந்துடுவேன். சொல்லிட்டு வா.”

அமிர்தம் போய்ச் சொன்னாள். மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் சலசலப்புக் கேட்டது. டீச்சர் எட்டிப் பார்த்தார். கேட்டு வரைக்கும் ஆட்கள். தொண்ணூறு பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் காகிதம். என் சனங்கள் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்தார். மாதாவே என்று சொல்லிக்கொண்டார்.

முதலில் வந்தவள் துர்கா. காகிதத்தை நீட்டினாள். மனு இல்லை அது. கடலூர் ரோட்டுப் பள்ளியின் சேர்க்கைப் படிவம்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர். ‘தலைமையாசிரியர் ஆன் மேரி தரம்தான்’னு ஆன் மேரிகிட்டயே கையெழுத்து வாங்கியாந்தாத்தான் சீட்டாம்.”

“துர்கா, நம்ம ஸ்கூலு இருக்குதே.”

“அதான் மூடப் போறாங்களாமே.”

“நீங்க போறதாலதான் மூடுவாங்க. நீங்க நின்னா மூட மாட்டாங்க. நான் திரும்பி வந்துடுவேன்.”

துர்கா பதறிப்போனாள். “நீங்க அங்கயா? ஐயையோ வேணாம் டீச்சர். பதினோரு வருஷம் காசு வாங்காம சொல்லிக் குடுத்தீங்க, எங்களுக்கு அருமை தெரியல. இப்பதான அந்த ஸ்கூல்ல சேக்க அறுபதாயிரம் கேக்கறாங்க, உங்க மதிப்பு என்னான்னு தெரியுது.”

“அந்த ஸ்கூலு எச்செம் யாரு தெரியுமா? பானுமதி. உன் புள்ள வெரலு மாட்டிக்கிட்டப்ப அட்டவணை போட்டாங்களே, அவங்க.”

“அப்ப அவங்க சாதா டீச்சரு. இப்ப உங்க தரமாச்சே” என்றாள் துர்கா.

டீச்சர் படிவத்தைப் பார்த்தார். பள்ளியின் பெயரைவிடத் தன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த அம்மாள் என் தரமில்லை என்று எழுதிவிடலாம். எழுதினால் பள்ளி பிழைக்கலாம். பிழைத்தால் மறுபடி பொறுப்பு, மோட்டார், தொட்டி. பலகையைக் கழற்றிவிடுவார்கள். இதெல்லாம் அவர் மனதில் ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டார். அடுத்தவருக்கும் போட்டார். நாற்பதாவது கையெழுத்தில் ரப்பர் முத்திரை வேண்டும் என்று தோன்றி, கொளஞ்சிநாதனிடம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அறுபதாவது ஆளை, வரிசையில் நிற்கவில்லை என்று கடைசிக்கு அனுப்பினார்.

எல்லாரும் போன பிறகு அமிர்தம் மட்டும் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து அவளும் ஒரு படிவத்தை எடுத்தாள்.

“என் பொண்ணுக்கு டீச்சர். நாலாவது. எனக்குத் தெரியாதது இல்ல, எல்லாத்தையும் கிட்ட இருந்து பாத்தவதான். ஆனா ஊரே போவுது. என் பொண்ணு ஒருத்திக்குன்னு எப்படித் தனியா ஒல வைக்கறது? நீங்க இப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கயே கிழிச்சுப் போட்டுட்டு, அவளக் கொண்டுபோயி நம்ம ஸ்கூல்ல ஒக்கார வைக்கறேன். ஒரு புள்ள இருந்தாலும் ஸ்கூலு ஸ்கூலுதான டீச்சர்?”

ஆன் மேரி டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். அமிர்தம் கிழிப்பதற்குத் தயாராகக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“போட்டோ ஒட்டலையேம்மா” என்றார். “ஒட்டிக்கிட்டு நாளைக்கு வா.”